டிஜிட்டல் கேபிளை மாற்றினால் ஒலி மாறுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நண்பர்கள் வீட்டிலும் உறவினர் வீட்டிலும் ஸ்பீக்கர், ஆம்பிளிஃபயர் இணைத்துக் கொடுப்பது எனக்குப் பல வருடப் பழக்கம். போகிற இடத்திலெல்லாம் ஒரே கேள்வி வருகிறது: "இந்த ஒயரை மாத்திட்டா சவுண்டு இன்னும் நல்லா இருக்குமாமே, நிஜமா?" ஒரே வேலையைச் செய்யும் ஒரு மீட்டர் கேபிள் சில நூறு ரூபாய்க்கும் கிடைக்கிறது, பல ஆயிரம் ரூபாய்க்கும் கிடைக்கிறது. சம்பளத்தில் மிச்சம் பிடித்த பணத்தை எதில் போடுவது என்று குழம்பி நிற்பவர்களை நினைத்துத்தான் இந்தப் பதில்களை எழுதுகிறேன்.

முதலில் நேரடியாகச் சொல்லுங்கள். ஒலி மாறுமா, மாறாதா?

கேபிள் தன் வேலையைச் செய்கிற வரை மாறாது. செய்யாவிட்டால் அது உங்களுக்குப் பட்டவர்த்தனமாகத் தெரியும்: 'டக் டக்' என்று சத்தம் வரும், பாட்டு அறுந்து அறுந்து வரும், இல்லையென்றால் ஒன்றுமே வராது. "பாஸ் கொஞ்சம் கூடியது, குரலில் ஒரு குளுமை வந்தது" என்கிற மாதிரி மாற்றத்தை அது கொண்டுவர முடியாது, ஏனென்றால் டிஜிட்டல் கேபிளில் ஒலி வெறும் எண்களாகத்தான் போகிறது.

எண்கள் சரியாகப் போனாலும் கேபிள் வழியாக வரக்கூடிய தொல்லைகள் இரண்டு உண்டு. ஒன்று எர்த் வழியாக வரும் இரைச்சல், இன்னொன்று ஜிட்டர் என்கிற நேரத் தடுமாற்றம். முதலாவது நம் வீடுகளில் உண்மையான பிரச்சினை. இரண்டாவதைப் பற்றி நடைமுறையில் கவலைப்பட வேண்டியதில்லை. இரண்டையும் கீழே விவரமாகச் சொல்கிறேன்.

என் வீட்டில் இருப்பதில் எது டிஜிட்டல் கேபிள்?

டிவியிலிருந்து சவுண்ட்பாருக்கோ ரிசீவருக்கோ போகும் எச்.டி.எம்.ஐ., நுனியில் சிவப்பு வெளிச்சம் தெரியும் ஆப்டிகல், ஒற்றை ஆர்.சி.ஏ. பின் உள்ள கோஆக்சியல், கம்ப்யூட்டரிலிருந்து டி.ஏ.சி.க்குப் போகும் யு.எஸ்.பி., ஸ்ட்ரீமருக்கு (இணையத்திலிருந்து பாட்டை எடுத்துத் தரும் கருவி) போகும் லேன் கேபிள். இவ்வளவுதான். டி.ஏ.சி. என்பது எண்களை ஒலி அலையாக மாற்றும் கருவி. அதற்கு முன்னால் இருப்பதெல்லாம் டிஜிட்டல், பின்னால் இருப்பதெல்லாம் அனலாக்.

ஸ்பீக்கர் ஒயர் அனலாக்தான். சப்வூஃபருக்குப் போகும் ஆர்.சி.ஏ. கேபிளும் அனலாக்தான். அட்டைப்பெட்டியில் 'டிஜிட்டல்' என்று பெரிதாக அச்சடித்த ஸ்பீக்கர் ஒயரைப் பார்த்திருக்கிறேன். அந்தச் சொல்லுக்கு அங்கே பொருளே கிடையாது. ஸ்பீக்கர் ஒயரின் தடிமன் முக்கியம், அதுவும் தூரம் அதிகமானால் ரொம்ப முக்கியம். ஆனால் அது வேறு கதை. இந்தப் பக்கத்தில் டி.ஏ.சி.க்கு முன்னால் உள்ள கேபிள்களைப் பற்றி மட்டும் பேசுவோம்.

கம்பியில் ஓடுவது மின்சாரம்தானே? அப்படியென்றால் அதுவும் அனலாக்தானே?

நல்ல கேள்வி. ஆமாம், கம்பிக்குள் 'ஒன்று', 'பூஜ்யம்' என்று எழுதிக்கொண்டு எதுவும் ஓடவில்லை. மின்னழுத்தம்தான் ஏறி இறங்குகிறது. அது போகிற வழியில் தேயும், முனை மழுங்கும், இரைச்சல் ஒட்டிக்கொள்ளும். இதெல்லாம் உண்மை.

ஆனால் மறுமுனையில் உள்ள சிப் அந்த மின்னழுத்தத்தின் உருவத்தை அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. 'இது மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா?' என்று மட்டும் பார்த்துவிட்டுப் புதிதாக, சுத்தமாக, தானே எழுதிக்கொள்கிறது. கையெழுத்து கோணலாக இருந்தாலும் 'அ' என்று படிக்க முடிந்தால் போதும் அல்லவா, அதே மாதிரி. கோஆக்சியல் டிஜிட்டல் இணைப்பில் அனுப்பும் பக்கம் உச்சிக்கு உச்சி சுமார் 0.5 வோல்ட் கொடுக்கிறது. வாங்கும் பக்கம் 0.2 வோல்ட்டுக்குத் தேய்ந்துபோய் வந்தாலும் படிக்க வேண்டும் என்று தரநிர்ணயத்திலேயே சொல்லியிருக்கிறார்கள். பாதிக்கு மேல் தேய்ந்தாலும் தாங்கும்படிதான் கட்டியிருக்கிறார்கள்.

ஒலியை எண்ணாக்கி அனுப்பும் யோசனை பிறந்ததே இதற்காகத்தான். 1937ல் பாரிஸில் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஆங்கிலேயப் பொறியாளர் அலெக் ரீவ்ஸுக்கு முன்னால் இருந்தது தொலைபேசிப் பிரச்சினை. தூரமாகப் பேசும்போது வழியில் உள்ள ஒவ்வொரு ஆம்பிளிஃபயரும் பேச்சோடு சேர்த்து இரைச்சலையும் பெருக்கியது. குரலை எண்ணாக மாற்றிவிட்டால் ஒவ்வொரு நிலையத்திலும் அதைப் புதிதாக எழுதி அனுப்பலாம், இரைச்சல் சேராது என்று அவர் கண்டார். 1938ல் பிரான்சில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். சி.டி.யில் இருப்பதும் அதே முறைதான். கம்பியின் குணம் பேச்சில் ஏறக் கூடாது என்பதற்காகவே கண்டுபிடித்த முறை இது.

ஒரு பிட் தவறிவிட்டால் என்ன கேட்கும்?

சி.டி. தரத்தில் ஒரு நொடிக்கு, ஒரு சேனலுக்கு 44,100 எண்கள். ஒவ்வொரு எண்ணும் 16 பிட், அதாவது 16 ஒன்று-பூஜ்யங்கள். அந்த 16ல் கடைசி பிட் தவறினால் காதுக்குத் தெரியாது. மேலே உள்ள பிட் தவறினால் அலை அந்த இடத்தில் ஒரேயடியாகத் தாவும், 'டக்' என்று கேட்கும். எந்த பிட் தவற வேண்டும் என்று கேபிளுக்குத் தெரியாது. ஆகவே கடைசி பிட்டாகப் பார்த்துப் பொறுக்கித் தவறவிட்டு, 'மெலிதான' மாற்றத்தை மட்டும் அது தர முடியாது.

டால்பி டிஜிட்டல் மாதிரி சுருக்கிய ஒலியில் நிலைமை இன்னும் கண்டிப்பானது. அதில் 1,536 எண்கள் ஒரு கட்டாக வருகின்றன. 48 கிலோஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 48,000 எண்கள் என்ற வேகத்தில், அது 32 மில்லி நொடி ஒலி. கட்டுக்குள் பிழை இருந்தால் ரிசீவர் கண்டுபிடித்துவிடும். அந்த 32 மில்லி நொடிக்கும் ஒலியை நிறுத்திவிடும், அல்லது முந்தைய கட்டைத் திரும்ப வாசிக்கும். படத்தில் வசனம் நடுவே வெட்டுப்படாமல் வருகிறது என்றால் உங்கள் கேபிள் பிட்டுகளை ஒழுங்காகக் கொண்டுவருகிறது என்று பொருள்.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். பாஸ் கூட வேண்டும் என்றால் வரிசையாக வரும் அத்தனை எண்களையும் ஒரு கணக்குப்படி மாற்றி எழுத வேண்டும். ஈக்வலைசர் அதைத்தான் செய்கிறது; அதற்கு ஒரு ப்ராசஸர் வேண்டும். செம்புக் கம்பிக்கு அந்தக் கணக்கு வராது. இதை ஒருமுறை புரிந்துகொண்டால், விளம்பரங்களில் வரும் 'இனிமையான மிட்ரேஞ்ச் தரும் டிஜிட்டல் கேபிள்' போன்ற வரிகளை எப்படிப் படிப்பது என்று தெரிந்துவிடும்.

ஜிட்டர், ஜிட்டர் என்கிறார்களே, அது என்ன?

மிருதங்கத்தில் சொற்கட்டு ஒன்றும் விடாமல் விழுகிறது, ஆனால் காலப்பிரமாணம் ஆடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சொல் சரி, நேரம் தப்பு. எண்கள் சரியாக வந்தும் அவற்றை ஒலியாக மாற்றும் நேரம் முன்பின் ஆடினால் அதுதான் ஜிட்டர்.

கேபிளுக்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறது என்பதை மறைக்க மாட்டேன். கோஆக்சியல், ஆப்டிகல் இரண்டிலும் கடிகாரத்துக்கென்று தனிக் கம்பி கிடையாது. வருகிற சிக்னல் எப்போது ஏறுகிறது, எப்போது இறங்குகிறது என்பதைப் பார்த்துத்தான் வாங்கும் கருவி நேரத்தைக் கணிக்கிறது. கேபிளில் சிக்னலின் முனை மழுங்கினால், முந்தைய பிட் எதுவோ அதைப் பொறுத்து அந்த நேரம் கொஞ்சம் முன்னாலும் பின்னாலும் நகரும். 1992ல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிறிஸ் டன், மால்கம் ஹாக்ஸ்ஃபோர்ட் இருவரும் இதைக் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். கேபிள் விஷயத்தில் நம்பிக்கை உள்ளவர்கள் காற்றில் கோட்டை கட்டவில்லை. அவர்கள் கவலைக்கு ஓர் அடிப்படை இருந்தது.

கேள்வி அளவைப் பற்றியது. எவ்வளவு ஆடினால் காதுக்குத் தெரியும்? 1998ல் டால்பியைச் சேர்ந்த பெஞ்சமினும் கேனனும் சோதித்தபோது, இசையில் மிகக் கூர்மையாகக் கேட்டவர்களுக்கும் சுமார் 20 நானோ நொடிக்குக் கீழே தெரியவில்லை. 2005ல் ஜப்பானில் அஷிஹாரா குழுவினர், தற்செயலாக ஆடும் ஜிட்டரைப் பயிற்சி பெற்ற காதுகளில் சோதித்தார்கள். அதில் வந்த எல்லை பல நூறு நானோ நொடி. இன்று சாதாரண விலையில் கிடைக்கும் நல்ல டி.ஏ.சி.யை அளந்தால் பெரும்பாலும் ஒரு நானோ நொடிக்கும் கீழேதான் இருக்கிறது.

காரணம் எளிது. இப்போதைய டி.ஏ.சி.கள் வருகிற நேரத்தை அப்படியே நம்புவதில்லை. வந்த எண்களைக் கொஞ்சம் சேர்த்து வைத்துக்கொண்டு, தங்கள் சொந்தக் கடிகாரத்தின்படியோ அல்லது ஆட்டத்தை வடிகட்டிய கடிகாரத்தின்படியோ வாசிக்கின்றன. ஜிட்டர் உங்களை உறுத்துகிறது என்றால் மாற்ற வேண்டியது டி.ஏ.சி.யை, கேபிளை அல்ல. 1980களின் கருவியை வைத்திருப்பவருக்கு வேண்டுமானால் இந்தப் பேச்சு கொஞ்சம் பொருந்தும்.

ஆப்டிகல் நல்லதா, கோஆக்சியல் நல்லதா?

இரண்டிலும் போகும் தகவல் ஒன்றேதான். ஆப்டிகல் இணைப்பை 1983ல் தோஷிபா நிறுவனம் கொண்டுவந்தது; உள்ளே இருப்பது பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர் பிளாஸ்டிக் இழை. அதன் பெரிய வரம், அது மின்சாரத்தைக் கடத்தாது. அதனால் எர்த் தொல்லை அதன் வழியாக வரவே வராது. அதன் பலவீனம் தூரமும் வேகமும். 5 மீட்டருக்கு மேல் நான் நம்பிப் போடுவதில்லை. பல கருவிகளில் ஆப்டிகல் 96 கிலோஹெர்ட்ஸ் வரைதான் நிம்மதியாக ஓடும். 192ல் வெட்டி வெட்டி வந்தால் கோஆக்சியலுக்கு மாறுங்கள், சரியாகிவிடும்.

ஆப்டிகல் வேலை செய்யவில்லை என்று என்னை அழைத்தவர்களில் பாதிப் பேர் வீட்டில் நான் பார்த்தது ஒன்றுதான்: நுனியில் உள்ள சின்ன பிளாஸ்டிக் மூடியைக் கழற்றாமலே செருக முயன்றிருப்பார்கள். கண்ணாடி மாதிரி தெளிவாக இருப்பதால் மூடி இருப்பதே தெரியாது. அப்புறம், சுவரோரம் சட்டென்று மடக்காதீர்கள். இழை உள்ளே விரிசல் விட்டால் வெளிச்சம் கசிந்துவிடும்.

கோஆக்சியலுக்கு 75 ஓம் கேபிள் வேண்டும். பழைய டிவிடி பிளேயரோடு வந்த மஞ்சள் பின் வீடியோ கேபிள் 75 ஓம்தான்; அலமாரியில் இருந்தால் எடுத்து மாட்டுங்கள். கேபிள் டிவிக்கு இழுக்கும் ஆர்.ஜி.6 ஒயரும் 75 ஓம். அதில் நல்ல ஆர்.சி.ஏ. பின் போட்டுக்கொண்டால் பத்து மீட்டரும் தாராளமாகப் போகலாம். ஒரு மீட்டர் தூரத்துக்குச் சாதாரண சிவப்பு வெள்ளை ஆடியோ கேபிளே பெரும்பாலும் ஓடிவிடும். ஏனென்றால் சிக்னல் அந்த ஒரு மீட்டரைக் கடக்க சுமார் 5 நானோ நொடி ஆகிறது; சி.டி. தரத்தில் மிகக் குறுகிய துடிப்பே சுமார் 177 நானோ நொடி நீளம். ஓம் பொருந்தாததால் முனையில் பட்டுத் திரும்பி வரும் எதிரொலி அடங்க நிறைய நேரம் இருக்கிறது.

கம்ப்யூட்டரை டி.ஏ.சி.யோடு இணைத்ததும் 'கிர்ர்' என்று வருகிறது. கேபிள் மட்டமா?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் செலவிட விரும்புகிறேன். கேபிள் வியாபாரத்தில் ஏமாறுகிறவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இது.

மயிலாப்பூரில் ஒரு பெரியவர் வீட்டில் நடந்தது. ஓய்வு பெற்ற பிறகு ஆசையாக டி.ஏ.சி.யும் பவர் ஸ்பீக்கரும் வாங்கினார். லேப்டாப்பில் மௌஸை நகர்த்தினால் ஸ்பீக்கரில் 'கிர்ர்' என்று ஒரு சத்தம். கடையில் போய்ச் சொன்னதும் வெள்ளி பூசிய யு.எஸ்.பி. கேபிளைக் கொடுத்தார்கள். சத்தம் அப்படியே இருந்தது. அதைவிட விலை கூடிய இன்னொன்று கொடுத்தார்கள். அதற்கும் அப்படியே. நான் போய் லேப்டாப் சார்ஜரை மட்டும் பிடுங்கிவிட்டு, "இப்ப கேளுங்க சார்" என்றேன். அறை நிசப்தமாகிவிட்டது. அவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. இரண்டு கேபிளுக்கும் கொடுத்த பணத்தை நினைத்து எனக்கே வயிறெரிந்தது.

நடந்தது இதுதான். சார்ஜர் ஒரு பிளக்கில், ஸ்பீக்கர் வேறொரு பிளக்கில். இரண்டின் எர்த்தும் சுவருக்குள் ஒரு வழியாகவும், யு.எஸ்.பி. கேபிளின் தரைக் கம்பி வழியாக இன்னொரு வழியாகவும் சேர்ந்து ஒரு வட்டம் உண்டாகிவிட்டது. லேப்டாப்பின் உள்ளே ஓடும் மின் இரைச்சல் அந்த வட்டத்தில் சுற்றி, டி.ஏ.சி.க்குப் பின்னால் உள்ள அனலாக் பகுதியில் ஏறிக்கொண்டது. எண்களில் ஒரு பிட்கூடத் தவறவில்லை. வெள்ளியானாலும் செம்பானாலும் கம்பி மின்சாரத்தைக் கடத்தும். ஆகவே எந்த யு.எஸ்.பி. கேபிள் மாட்டினாலும் வட்டம் வட்டமாகவே இருக்கும்.

வழிகள் பல. எல்லாக் கருவிகளையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டிப் பாருங்கள். பல வீடுகளில் இதிலேயே முடிந்துவிடும். கம்ப்யூட்டரில் ஆப்டிகல் வெளியீடு இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள், வட்டம் அறுந்துவிடும். இல்லையென்றால் யு.எஸ்.பி. ஐசொலேட்டர் என்று ஒரு சின்னக் கருவி இருக்கிறது; தகவலை விட்டுவிட்டு மின்தொடர்பை மட்டும் அறுக்கும். ஹோம் தியேட்டரில் 'ம்ம்ம்' என்று ஹம் வந்தால் சந்தேகப்பட வேண்டிய முதல் ஆள் செட்டாப் பாக்ஸுக்கு வரும் கேபிள் டிவி ஒயர். அதை ஒரு நிமிடம் கழற்றிப் பாருங்கள். ஹம் நின்றால் அந்த ஒயருக்கு ஓர் ஐசொலேட்டர் போட வேண்டும்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். "எர்த் பின்னை ஒடிச்சுடுங்க, ஹம் நின்னுடும்" என்று யோசனை சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஹம் நிற்கும், உண்மைதான். ஆம்பிளிஃபயரில் எப்போதாவது மின்கசிவு ஏற்பட்டால் அதன் உலோகப் பெட்டியைத் தொடுகிற குழந்தையின் உயிரும் போகும். எர்த் பின் பாட்டுக்காக வைத்ததல்ல, உயிருக்காக வைத்தது.

நல்ல யு.எஸ்.பி. கேபிள் என்று எதைச் சொல்வீர்கள்?

பிரிண்டருக்குப் போடும் சாதாரண கேபிள் போதும். 5 மீட்டருக்குள் இருக்கட்டும், பின் இறுக்கமாக உட்காரட்டும். யு.எஸ்.பி. ஆடியோவில் ஒரு விஷயம் உண்மை: பிழை வந்தால் கண்டுபிடிக்கும், ஆனால் திரும்ப அனுப்பச் சொல்லாது. அதனால் பழுதான கேபிளில் 'பட் பட்' என்று வரும். வந்தால் மாற்றுங்கள். கடிகாரத்தைப் பொறுத்தவரை, இன்றைய பெரும்பாலான யு.எஸ்.பி. டி.ஏ.சி.கள் 'அசிங்க்ரனஸ்' முறையில் இயங்குகின்றன. அதாவது டி.ஏ.சி. தன் கடிகாரத்துக்கு ஏற்பக் கம்ப்யூட்டரை 'இன்னும் கொடு, கொஞ்சம் நிறுத்து' என்று கேட்டு வாங்குகிறது. கேபிளின் நேரத்துக்கு அங்கே வேலையே இல்லை.

தங்கப்பூச்சு துருப்பிடிக்காது, அவ்வளவுதான். வெள்ளி செம்பைவிடச் சுமார் 6 சதவீதம் நன்றாகக் கடத்தும். செம்புக் கம்பியை அந்த அளவு தடிமனாக்கினால் அதே பலன்.

டிவிக்கும் சவுண்ட்பாருக்கும் ஆப்டிகலை எடுத்துவிட்டு எச்.டி.எம்.ஐ. போட்டதும் ஒலி நிஜமாகவே மாறியது. அதற்கு என்ன சொல்வீர்கள்?

மாறியிருக்கும். நம்புகிறேன். ஆனால் மாறியது கேபிளின் தரத்தால் அல்ல, வழி மாறியதால்.

டிவியின் ஆப்டிகல் வழியில் ஸ்டீரியோவோ, சுருக்கிய 5.1 ஒலியோதான் போகும். எச்.டி.எம்.ஐ.யில் ஏ.ஆர்.சி. என்கிற திரும்பும் வழி 2009ல் வந்தது. டால்பி டிஜிட்டல் பிளஸ் அதில் போகும், ஓ.டி.டி. தளங்களில் வரும் அட்மாஸ் (தலைக்கு மேலிருந்தும் ஒலி வரும் முறை) பெரும்பாலும் இந்த வடிவில்தான் இருக்கிறது. 2017ல் வந்த எச்.டி.எம்.ஐ. 2.1 உடன் இ.ஏ.ஆர்.சி. வந்தது. நொடிக்குச் சுமார் 37 மெகாபிட் வரை கொண்டுபோகும் என்பதால் ப்ளூரேயில் தரம் இழக்காமல் சுருக்கிய ஒலியும் அதில் முழுதாக வரும். அப்படி வரும்போது மேலே உள்ள ஸ்பீக்கர்கள் உயிர் பெறுகின்றன. அதோடு, வழி மாறும்போது டிவியில் 'பி.சி.எம்.', 'ஆட்டோ', 'பாஸ்த்ரூ' என்கிற அமைப்பும் மாறிவிடலாம். சத்தத்தின் அளவு ஏறி இறங்கும், 'நைட் மோட்' அணைந்துவிடும். காதுக்குப் பெரிய மாற்றமாகத் தெரிவது இதெல்லாம்தான். ஆகவே கேபிளை மாற்றும் முன் டிவியின் சவுண்ட் மெனுவுக்குள் ஒருமுறை போய்ப் பாருங்கள். செலவில்லாமல் கிடைக்கும் முன்னேற்றம் அங்கே ஒளிந்திருக்கிறது.

எச்.டி.எம்.ஐ.யில் கேபிளின் தரம் நிஜமாகவே முக்கியமாகும் இடம் ஒலி அல்ல, படம். 4கே படம் நொடிக்கு 120 பிரேம் என்றால் நொடிக்கு 48 கிகாபிட் வரை தாங்கும் 'அல்ட்ரா ஹை ஸ்பீட்' கேபிள் வேண்டும். அட்டைப்பெட்டியில் கியூ.ஆர். முத்திரை இருக்கும், போனில் ஸ்கேன் செய்து அசலா என்று பார்த்துக்கொள்ளலாம். தாங்காத கேபிள் போட்டால் திரையில் வெள்ளைப் புள்ளிகள் மின்னும், படம் இருண்டு இருண்டு வரும். இ.ஏ.ஆர்.சி.க்கு மட்டும் என்றால் பழைய 'ஹை ஸ்பீட் வித் ஈதர்நெட்' கேபிளே போதும். தூரமாக ப்ரொஜெக்டருக்கு இழுப்பவர்கள் இழைவழி எச்.டி.எம்.ஐ. வாங்குங்கள், அதற்கு அனுப்பும் முனை, வாங்கும் முனை என்று தனித்தனியாக உண்டு, சுவருக்குள் பதிக்கும் முன் ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

ஆடியோவுக்கென்றே லேன் கேபிள் விற்கிறார்கள். வாங்கலாமா?

வேண்டாம். ஒரு சின்ன சோதனை செய்து பாருங்கள். ஸ்ட்ரீமரில் பாட்டு ஓடும்போது லேன் கேபிளைக் கழற்றுங்கள். பெரும்பாலான கருவிகளில் பாட்டு சில நொடியாவது தொடரும், சிலவற்றில் முழுப் பாட்டும் ஓடிவிடும். அந்த நேரத்தில் கேபிளே இல்லை. கருவியின் நினைவகத்திலிருந்து வாசிக்கிறது. கேபிள் இருந்தபோதும் அப்படித்தான் வாசித்தது. நெட்வொர்க்கில் பிழை வந்த பொட்டலத்தைத் திரும்பக் கேட்டு வாங்கிக்கொள்ளும் ஏற்பாடும் இருக்கிறது. சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே கடலடியில் 3,000 கிலோமீட்டருக்கு மேல் போகும் கேபிள்களைக் கடந்து ஒரு பிட் மாறாமல் வந்த பாட்டு, உங்கள் ரவுட்டருக்குப் பின்னால் உள்ள ஒரு மீட்டரில் கெட்டுப்போகாது.

நீங்கள் என்ன சொன்னாலும், நான் என் காதாலேயே வித்தியாசத்தைக் கேட்டேன்.

கேட்டீர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. நானும் கேட்டிருக்கிறேன். முதன்முதலாக விலை கூடிய கோஆக்சியல் கேபிளை மாட்டிய ராத்திரி, வீணையின் மீட்டில் அதுவரை கேட்காத ஒரு கார்வை கேட்டது. மறுநாள் பழைய கேபிளைத் திரும்ப மாட்டினேன். அதே கார்வை அதிலும் இருந்தது. முதல் நாள் நான் கவனித்துக் கேட்டேன், அதுதான் வித்தியாசம். காது எடுத்துத் தருவதை மனம்தான் பிரித்து அடுக்குகிறது. எதை எதிர்பார்க்கிறோமோ அதைத் தேடி எடுத்து முன்னால் வைக்கிறது. இது எல்லா மனிதக் காதுகளுக்கும் பொது.

இதைச் சோதிக்க வீட்டில் ஒருவர் துணை போதும். உங்களுக்குத் தெரியாமல் அவர் கேபிளை மாற்றட்டும், அல்லது மாற்றுவதுபோல் செய்துவிட்டு மாற்றாமல் விடட்டும். எதைச் செய்வது என்று ஒவ்வொரு முறையும் நாணயம் சுண்டி முடிவு செய்யட்டும். அதே பாட்டின் அதே 20 நொடி, அதே வால்யூம். பத்து முறை சொல்லுங்கள். சும்மா ஊகித்தாலே எட்டோ அதற்கு மேலோ சரியாக வர 18க்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது. ஒன்பதோ பத்தோ வர 93க்கு ஒன்று. ஆகவே ஒன்பது வந்தால் இன்னொரு நாள் திரும்பச் செய்யுங்கள். அன்றைக்கும் ஒன்பது வந்தால் கண்டிப்பாக ஏதோ இருக்கிறது. என் அனுபவத்தில் அப்படி வந்த ஒரு வீட்டில் காரணம், ஒரு கேபிளின் பின் உள்ளே தளர்ந்திருந்தது.

காதை நம்பாதவர்கள் எண்ணையே ஒப்பிடலாம். கோஆக்சியல் உள்ளீடு, வெளியீடு இரண்டும் உள்ள ஒரு சவுண்ட் இன்டர்ஃபேஸில் ஒரு கோப்பை வெளியே அனுப்பி, கேபிள் வழியாகத் திரும்ப உள்ளே வாங்கிப் பதிவு செய்யுங்கள். மென்பொருளில் வால்யூம் முழு அளவில் இருக்க வேண்டும், பதிவின் கடிகாரம் உள்ளே வரும் சிக்னலைப் பின்பற்ற வேண்டும். பிறகு தொடக்கத்தை ஒன்றாக நிறுத்தி, ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழியுங்கள். நான் மஞ்சள் பின் வீடியோ கேபிள், கடையில் வாங்கிய விலை கூடிய கேபிள், ஆர்.ஜி.6ல் நானே செய்த கேபிள் என்று மூன்றையும் போட்டுப் பார்த்தேன். மூன்றிலும் மிச்சம் பூஜ்யம்.

கேபிளுக்கு ஆயுள் உண்டா? எப்போது மாற்ற வேண்டும்?

கடலோர ஊர்களில் ஆர்.சி.ஏ. பின் கறுத்துவிடும். வருடத்துக்கு ஒருமுறை கழற்றி, பஞ்சில் ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து மாட்டினால் போதும். எச்.டி.எம்.ஐ. சாக்கெட்டில் கேபிளின் எடை தொங்கினால் காலப்போக்கில் சாக்கெட்டே தளரும். கனமான, விலை கூடிய கேபிள்களில் இந்தத் தொல்லை அதிகம். எலி கடித்தது, கதவில் நசுங்கியது என்றால் யோசிக்காமல் மாற்றுங்கள்.

சரி, கையில் பத்தாயிரம் ரூபாய் இருக்கிறது. கேபிளில் போட வேண்டாம் என்றால் வேறு எதில் போடுவது?

முதலில் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காமல் ஸ்பீக்கரை நகர்த்துங்கள். நம் வீடுகளில் மொசைக் தரை, டைல்ஸ், வெறும் சுவர், கண்ணாடி ஷோகேஸ். ஒலி பட்டுத் தெறித்துக்கொண்டே இருக்கும். ஸ்பீக்கர் ஷோகேஸுக்குள் அடைந்து கிடந்தால் வெளியே எடுங்கள். சுவரிலிருந்து ஒரு அடி, ஒன்றரை அடி முன்னால் கொண்டுவந்து, இரண்டு ஸ்பீக்கரும் நீங்களும் ஒரு முக்கோணமாக இருக்கிற மாதிரி வைத்து, ட்வீட்டர் (கூர்மையான ஒலி தரும் சின்ன வட்டம்) காது உயரத்துக்கு வரும்படி பாருங்கள். ஒவ்வொரு முறை நகர்த்தும்போதும் தெரிந்த ஒரு பாட்டையே போடுங்கள். பத்து சென்டிமீட்டர் நகர்த்தினாலே பாஸ் மாறுவது கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் தெரியும்.

அப்புறம் ஒரு தடிமனான ஜமுக்காளமோ கம்பளமோ வாங்கி ஸ்பீக்கருக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவே விரியுங்கள். ஜன்னலுக்குக் கனமான திரை போடுங்கள். உங்கள் ரிசீவரோடு அளவீட்டு மைக் வந்திருந்தால் பெட்டியிலிருந்து எடுத்து, மின்விசிறியை நிறுத்திவிட்டு, அறை அளவீட்டை ஒருமுறை ஓட்டுங்கள். பல வீடுகளில் அந்த மைக் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் அலமாரியில் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். மிச்சப் பணத்தைச் சேர்த்து வையுங்கள், அடுத்து ஸ்பீக்கர் மாற்றும்போது உதவும்.